வழிகாட்டியைப் பற்றிச் சில கேள்விகள்

"கோபம் வந்தா மேடம் என்ன செய்வாங்க?"

ஆய்வகத்துக்குள் நுழைந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வியே அதுதான்.

தவளைக்காரன் நடையை நிறுத்தித் திரும்பிப் பார்த்தான். நேர்காணலுக்கு வருகிறவர்களுக்கு இடத்தைச் சுற்றிக் காட்டும் வேலை அந்தத் துறையில் பழைய ஆய்வு மாணவர்கள் தலையில்தான் விழும். தவளை ஏன் கத்துகிறது என்பதையே வருடக்கணக்காக ஆராய்ந்துகொண்டிருந்ததில் அவனுடைய சொந்தப் பெயரை எல்லோரும் மறந்துவிட்டிருந்தார்கள்.

வருகிறவர்கள் வழக்கமாகக் கேட்பது ஒன்றுதான். முனைவர் பட்டம் முடிக்க எத்தனை வருடம் ஆகும்? அதற்கு ஒரு நல்ல பதிலை அவன் தயாராக வைத்திருந்தான். அது வீணாய்ப் போனது.

"கத்த மாட்டாங்க. எழுதிட்டிருக்கிற பேனாவ மூடி மேசை மேல வச்சிடுவாங்க. அதுக்குக் கத்தினாலே தேவலை."

அவள் தலையாட்டிக்கொண்டாள். ருசி பார்ப்பவள்போல அந்தப் பதிலைக் கொஞ்ச நேரம் வாயிலேயே வைத்திருந்தாள்.

சூழலியல், பரிணாமவியல் துறையில் ஆராய்ச்சி செய்ய அவள் விண்ணப்பித்திருந்தாள். இந்த ஒரு இடம், இந்த ஒரு பேராசிரியை. வேறெங்கும் விண்ணப்பிக்கவில்லை. ஒரே கிளையில் இப்படியா தொங்குவது என்று தோழிகள் திட்டினார்கள்.

அவளிடம் இருந்தது ஒரு சுவர். பேருந்துப் பணிமனையின் சுற்றுச்சுவர். அதில் வெயில் படும் பக்கத்து நத்தைகளுக்கு வெளிறிய ஓடு. நிழல் பக்கத்து நத்தைகளுக்குக் கறுத்த ஓடு. சுவரும் ஒன்று, நத்தை இனமும் ஒன்று. ஓடு மட்டும் ஏன் இரண்டு நிறம்? இதைப் பிடித்துக்கொண்டு இரண்டு மழைக்காலம் அந்தச் சுவரோடு குடித்தனம் நடத்தியிருந்தாள். முதலில் விரட்டிய காவலாளி பிறகு தானே நாற்காலி கொண்டுவந்து போட்டார்.

"இது நுண்ணோக்கி அறை" என்றான் தவளைக்காரன்.

அவள் நுண்ணோக்கியைப் பார்க்கவில்லை. மேடம் மதியம் நேரத்துக்குச் சாப்பிடுவார்களா என்று கேட்டாள்.

டப்பாவைத் திறந்து வைத்துவிட்டு மறந்துவிடுவார்கள் என்றான். சாயங்காலம் யாராவது எறும்பு மொய்ப்பதைச் சொன்னால், எந்த எறும்பு என்று பார்க்க வருவார்கள்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. உடனே அடுத்ததைக் கேட்டாள். அவங்க சிரிப்பாங்களா?

ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறான். அவன் சட்டைப் பையிலிருந்து தப்பிய தவளை துறைத்தலைவரின் காபியில் இறங்கிய அன்று. வாயைப் பொத்திக்கொண்டு, சத்தமே இல்லாமல், தோள் மட்டும் குலுங்கக் குலுங்கச் சிரித்தார்களாம்.

அவன் நடித்துக் காட்டிய அந்தச் சிரிப்பை அவள் கண்கொட்டாமல் பார்த்தாள். இன்னொரு தடவை செய்து காட்டச் சொல்வாளோ என்று அவனுக்கே பயமாகிவிட்டது.

கண்ணாடிக் குடுவைகள் அடுக்கிய நடைவழியில் ஸ்பிரிட் வாடை மூக்கைத் துளைத்தது. அங்கேயும் கேள்விகள் ஓயவில்லை. தப்பு செய்தால் மன்னிப்பார்களா, சொன்ன சொல்லை மாற்றிக்கொள்வார்களா, மேசையில் யாருடைய படமாவது இருக்கிறதா?

"ஒரு வண்டு படம் இருக்கு" என்றவன் பொறுக்கமாட்டாமல் நின்றுவிட்டான். "ஏங்க, நீங்க ஆராய்ச்சிக்கு வந்தீங்களா, வரன் விசாரிக்க வந்தீங்களா?"

"அஞ்சாறு வருஷம் ஒருத்தர்கிட்ட இருக்கணும். விசாரிக்காம எப்படி?"

நியாயம்தான் என்று அவனுக்கும் பட்டது. தான் இப்படி விசாரித்திருந்தால் தவளையோடு மாரடித்திருக்க வேண்டாமோ என்றுகூடத் தோன்றியது. பாவம், நல்ல பெண், உபயோகமாக ஏதாவது சொல்லி அனுப்புவோம் என்று குரலைத் தாழ்த்தினான். வழக்கமாக விண்ணப்பங்களை மாணவர்கள்தான் முதலில் சலித்துக் கொடுப்பார்கள். இந்த முறை மேடமே கட்டோடு வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். மறுநாள் பார்த்தபோது இவளுடையது மட்டும் தனியாக மேசையில் இருந்தது.

நத்தை வேலை செய்துவிட்டது என்று நினைத்தாள். துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு மேடத்தின் அறைக் கதவைத் தட்டினாள்.

உள்ளே தேர்வுக் குழுவுக்கு மூன்று நாற்காலிகள் போட்டிருந்தார்கள். ஒன்றில்தான் ஆள் இருந்தது.

"கதவைச் சாத்திட்டு உக்காரு" என்றார் பேராசிரியை.

உட்கார்ந்தாள்.

"உன்னை நான் கேள்வி கேக்கப் போறதில்ல. இன்னும் கொஞ்ச நேரத்துல வேற மூணு பேர் வருவாங்க. ஏன்னு தலைவர்கிட்ட சொல்லிட்டேன். நத்தை நல்ல கேள்வி. அதுக்கு யாரோட தயவும் வேண்டாம்."

விண்ணப்பத்தில் அவள் பெயருக்கு முன்னால் அப்பா பெயரின் முதல் எழுத்து மட்டும்தான். ஊரில் பாதிப் பேருக்கு அந்த எழுத்து இருக்கும், யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள் என்று நம்பித்தான் வந்திருந்தாள்.

பேராசிரியை தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினார்.

"நீ இங்க வந்தது அப்பாவுக்குத் தெரியுமா?"

வீட்டில் இவருடைய பேச்சையே எடுக்கக்கூடாது. படங்களைக்கூட அப்பா வைத்திருக்கவில்லை. அவளுக்கு நடை வருவதற்கு முன்பே அவளையும் அப்பாவையும் விட்டுப் போனவரைப் பற்றி, இவ்வளவு வருடத்தில் அவள் அறிந்ததெல்லாம் நூலகத்தில் தேடிப் படித்த ஆய்வுக் கட்டுரைகளும், சற்றுமுன் கேட்டுத் தெரிந்துகொண்டவையும்தான்.

'தெரியாது மேடம்' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"தெரியாதும்மா" என்று வந்தது.