பிளாஸ்டர் சுவரில் ஓர் ஓட்டை

எறும்பு வளர்க்கும் பெனடிக்ட் தன் கையாலேயே பிளாஸ்டர் குழைத்து, கண்ணாடி மூடி போட்டுச் செய்த கூட்டில் நாற்பது கட்டெறும்புகள் இருந்தன. அவர் வைக்கும் தேன் சொட்டு ஊசி என்ற எறும்புக்கு மட்டும் தொண்டையில் இறங்கவில்லை. மூன்று மாதமாகப் பல் தேயத் தேயச் சுவரைக் கடித்தாள். ஒரு நாள் காலை சுவர் பொத்துக்கொண்டது. மண்வாசனையோடு காற்று உள்ளே வந்தது.

"அக்கா, எல்லாரும் வாங்க! வழி கிடைச்சிடுச்சு!"

ஓடி வந்த மூத்தவள் மூக்கி, காற்று பட்டதும் முகத்தைச் சுளித்தாள். "வழியா? முட்டையெல்லாம் காஞ்சு போயிடும்டி. வெளியில உனக்கு யாரு தேன் வைப்பா?"

"நாமளே தேடிக்கலாம்க்கா."

"தேடணுமா?" என்றாள் மூக்கி. பின்னால் நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அப்புறம் ஆளாளுக்கு, ஈரத்துக்காகப் பெனடிக்ட் வைத்திருந்த பஞ்சைப் பிய்த்தும், மூலையில் கிடந்த செத்த எறும்புகளின் தலைகளைப் பொறுக்கியும் வந்து ஓட்டையை அடைத்தார்கள். குறுக்கே நின்ற ஊசியைக் காலைப் பிடித்து இழுத்துப் போட்டார்கள்.

சாயங்காலம் தேனோடு வந்த பெனடிக்ட், அடைத்திருந்த ஓட்டையைக் குனிந்து பார்த்தார். "அட, எனக்கு வேலையே வைக்கலையே! சமர்த்துப் பிள்ளைங்க" என்று சிரித்தவர், அன்றைக்கு இரண்டு சொட்டாக வைத்தார்.

எல்லாரும் குடித்தார்கள். கடைசியாக ஊசியும் போனாள். தேன் தொண்டையில் நன்றாகவே இறங்கியது.