செவலையின் கழுத்துப்பட்டை

காலையிலிருந்து செவலைக்கு வாலடியில் கண்ணாடி மாதிரி வழும்பு தொங்குகிறது. பருவத்துக்கு வந்துவிட்டாள் என்று எனக்குத் தெரிகிறது, அவள் கழுத்துப்பட்டைக்குத் தெரியவில்லை. சித்திரை வெயிலில் கலப்பின மாடு கத்தாது, நடக்காது, நிழலை விட்டு அசையாது. நடையையும் நெஞ்சுத் துடிப்பையும் எண்ணிப் பால் கம்பெனிக்கு அனுப்புகிற பட்டை அது; மாடு நடந்தால்தான் நம்பும்.

"பட்டையில பச்சை எரியாம ஊசிப் பெட்டி திறக்காதுங்கக்கா," என்றார் சினை ஊசி போட வந்த ஈஸ்வரமூர்த்தி. "இந்தத் தடவையும் விட்டுட்டா மலடுன்னு எழுதிடுவாங்க. அப்புறம் கறிக்குத்தான்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் பட்டையைக் கழற்றி என் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். கொட்டகைக்கும் கிணற்றுக்குமாக ஓடினேன். ஈஸ்வரமூர்த்தி பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஏழாவது சுற்றில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபோது பச்சை எரிந்தது. பட்டையைச் செவலைக்கே மாட்டினேன். அவர் ஊசி போட்டுவிட்டுப் போனார்.

எட்டாம் நாள் வாசலில் லாரி வந்து நின்றது. டிரைவர் ஒரு காகிதத்தை நீட்டினார். பட்டை அனுப்பிய தகவலின்படி இதயம் பழுதாம், ஒரு வருடம் தாங்காதாம், உடனே மாட்டைக் கழிக்க வேண்டுமாம்.

இரண்டு முறை படித்தேன்.

"இது மாட்டோட நெஞ்சு இல்லீங்க தம்பி. அன்னிக்குப் பட்டையைப் போட்டுக்கிட்டு ஓடினது நானுங்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"உங்க பேருக்குக் காகிதம் எதுவும் குடுத்துவிடலீங்களே," என்று சொல்லிவிட்டு, செவலையின் கயிற்றை அவிழ்த்தார்.