மகாராணி காலத்து ஆட்டம்

“அவரை அவுட்டாக்கிப்போடாதை, ஸ்ரிபன். உன்ரை காலிலை விழுறன்.”

தேநீர் இடைவேளையில், மைதான ஓரத்தில் நின்று எதிரணிப் பந்துவீச்சாளனிடம் இப்படிக் கெஞ்சினாள் கிருபாமலர். இன்னும் அவுட்டாகாமல் துடுப்போடு நின்றவர் அவளுடைய கணவர் ஜெபரட்ணம்.

ஸ்ரிபனுக்குச் சிரிப்பு வந்தது. “என்னக்கா, அண்ணை ஐம்பது அடிச்சா வீட்டிலை ஆட்டிறைச்சிக் கறியோ?”

அவள் சிரிக்கவில்லை.

டென்மார்க்கில் ஒடென்சேத் தமிழரும் ஹொல்ஸ்டெப்ரோத் தமிழரும் கோடை விடுமுறையில் ஆடும் ஆட்டம் அது. இம்முறை விக்டோரியா மகாராணி காலத்து இங்கிலீஷ் கிளப்காரர் விளையாடிய மாதிரியே விளையாடுவதென்று முடிவு. உயரத் தொப்பி, தோள்வார் வைத்த காற்சட்டை, ஓவருக்கு நாலே பந்து. விளையாடுகிறவர் யாரும் கைபேசி வைத்திருக்கக்கூடாது. அந்தக் காலச் சட்டப்படி அணித்தலைவர் “போதும், வா” என்று ஆளைத் திருப்பிக் கூப்பிடவும் முடியாது. அவுட்டாகும்வரை நிற்கலாம்.

ஜெபரட்ணத்தின் கைபேசி அதனால்தான் கிருபாமலரின் கைப்பையில் இருந்தது. கொஞ்சம் முன்பு அது அடித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு தாதி. டேனிஷ் நன்றாகப் பேசுவாள் என்பதால், அவருக்கு வரும் ஆஸ்பத்திரி அழைப்புகளை எடுப்பவள் கிருபாமலர்தான்.

“வலிக்கு மருந்து தருகிறவர் திங்கட்கிழமை வீட்டுக்கு வரலாமா? ஒப்பரேஷன்தான் இனி இல்லையே” என்றாள் தாதி, மிகச் சாதாரணமாக.

அந்த ஒப்பரேஷனை நம்பித்தான் குளிர்காலம் முழுக்கக் கிருபாமலர் முழங்காலில் நின்று ஜெபித்திருந்தாள். பாருங்கள், ஒரு வரியில் எல்லாம் முடிந்துபோயிற்று.

அதை ஸ்ரிபனிடம் சொன்னாள். அவன் சிரிப்பு நின்றுவிட்டது.

“இப்பதான் மனுசன் சந்தோசமா இருக்கிறார், தம்பி. புதன்கிழமை ரத்தச் சோதனைக்கெண்டு தனிய டிராமிலை ஆஸ்பத்திரிக்குப் போட்டு வந்தவர். அண்டு துவக்கம் ஒரே பகிடியும் சிரிப்பும். இண்டைக்கு என்னையும் விடாப்பிடியாக் கூட்டிக்கொண்டு வந்தவர். அவுட்டாகி வந்தாரெண்டா என்ரை முகத்திலை கண்டுபிடிச்சிடுவார். ஆட்டம் முடியுமட்டுமாவது நிக்கட்டும்.”

ஸ்ரிபன் தொப்பியைக் கழற்றினான். மறுபடி போட்டுக்கொண்டான். “சரியக்கா” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

ஆட்டம் தொடர்ந்தது. ஸ்ரிபன் சின்னப் பிள்ளைக்குப் போடுவதுபோலப் பந்து போட்டான். ஜெபரட்ணம் தடுத்துத் தடுத்து நின்றார். ஓட்டம் ஏறவே இல்லை.

“அண்ணை, நீங்கள் அடிக்கமுதல் மகாராணி செத்துப்போவா!” எல்லைக்கோட்டுக்கு வெளியே இருந்து ஒருவன் கத்தினான்.

“அவ போய்க் கனகாலமடா! இப்ப நான்தான் ராசா!”

மைதானமே சிரித்தது. ஜெபரட்ணம் கிருபாமலர் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தார். அவளும் சிரித்துக் காட்டினாள்.

அடுத்த பந்தும் மெத்தென்று வந்து விழுந்தது. அவர் அதைக் காலால் உருட்டிவிட்டு, துடுப்பை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தார்.

“டேய் ஸ்ரிபன், ஒழுங்காப் போடடா! என்னைப் பாத்தா நோயாளி மாதிரியே கிடக்கு?”

ஸ்ரிபனுக்குக் கண் கலங்கிவிட்டது. அதை யாரும் காணக்கூடாதென்று தலையைக் குனிந்தபடி ஓடிவந்து, இருந்த வேகத்தையெல்லாம் சேர்த்து எறிந்தான். நடு விக்கெட் பறந்தது. அவனுடைய ஆட்கள் துள்ளிக் குதித்தார்கள். அவன் மட்டும் தலையில் கைவைத்தபடி நின்றான்.

கைதட்டலுக்கு நடுவே ஜெபரட்ணம் மெல்ல நடந்து வந்தார். கிருபாமலர் ஃபிளாஸ்கைத் திறந்து தேநீர் ஊற்றினாள். பாதி புல்லில் போயிற்று. ஒரு சிரிப்பைத் தேடிப் பிடித்து முகத்தில் வைத்துக்கொண்டாள்.

“நல்லா நிண்டனீங்கள். இந்தாங்கோ, சூடாக் குடியுங்கோ.”

அவர் கோப்பையை வாங்கவில்லை. அவளுக்குப் பக்கத்தில் புல்லில் அமர்ந்து, அவளுடைய முகத்தையே பார்த்தார். இவ்வளவு நேரமும் அவர் முகத்தில் நின்ற சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிப் போயிற்று.

“ஒப்பரேஷன் இல்லையெண்டு உமக்கு ஆர் சொன்னது, மலர்?”