ஏழாம் லயத்தின் நீலப்புள்ளி

அட்டன் பஸ் நிலையத்துக்கு எதிரே மாடி அறையில், பிற்பகல் மூடுபனி ஜன்னல் கண்ணாடியை வெளுக்கவைத்துக்கொண்டிருக்கிறது. ஆம்புலன்ஸ் சேவையில் வேலைபார்க்கும் நிஷாந்தி, முகவரியைக் கொடுத்தால் இடத்தைக் காட்டும் மூன்று வரைபடச் சேவைகளைக் கணினியில் ஒப்பிட்டுப் பார்க்கிறாள். ஆம்புலன்ஸ்களுக்கு எதை எடுப்பதென்று இன்றைக்கே சொல்லியாக வேண்டும். தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசைவீடுகளான லயம் ஒன்றில் குடியிருக்கும் அக்கா ஜீவராணியின் முகவரியைத் தட்டுகிறாள்: மேல்பிரிவு, ஏழாம் லயம், மஸ்கெலியா. முதலாவது சேவை சிவப்புப் புள்ளியை நீர்த்தேக்கத்தின் நடுவில் மிதக்கவிடுகிறது. இரண்டாவது கடைத்தெருவிலேயே நின்றுவிடுகிறது. மூன்றாவது தேயிலைத் தொழிற்சாலையைக் காட்டுகிறது; அங்கிருந்து லயத்துக்கு இன்னும் மூன்று கிலோமீட்டர் ஏற்றம். அக்காவுக்கு இது ஒன்பதாம் மாதம். நிஷாந்தி போனை எடுக்கிறாள். “அக்கா, வாசல்ல வந்து நின்னு, நிக்கிற இடத்த போன்ல அனுப்புங்க.” “வெளிய ஒரே பனி புள்ள, என் காலே எனக்குத் தெரியல.” தகரக் கதவு கிறீச்சிடுகிறது, ஒரு கோழி கொக்கரிக்கிறது. திரையில், பெயரோ பாதையோ இல்லாத பச்சைப் பரப்பில், நீலப்புள்ளி ஒன்று தோன்றி, மூச்சுவிடுவதுபோல விரிந்து சுருங்குகிறது. “தெரியுதா?” “தெரியிறீங்கக்கா. அப்படியே நில்லுங்க.” தாளில் எழுதிவைத்திருந்த மூன்று சேவைகளின் பெயர்களையும் கோடிட்டு அடித்துவிட்டு, புதிய தாளில் ஏழாம் லயம் என்று எழுதி, புள்ளியின் அட்சரேகை, தீர்க்கரேகை இலக்கங்களை அதன் பக்கத்தில் குறிக்கிறாள் நிஷாந்தி. பிறகு மெதுவாகக் கேட்கிறாள்: “ஆறாம் லயத்துல யாருகிட்டக்கா போன் இருக்கு?”