இரண்டாவது மிஷினுக்கு ஆள்

வந்த மேடம் நாற்காலியில் உட்கார்ந்ததும் முதல் காரியமாகக் கணுக்காலைத்தான் நீவி விட்டுக்கொண்டார். தெருமுனையிலிருந்து நடக்க வைத்துவிட்டோமே என்று தையல்காரிக்கு வெட்கமாகப் போயிற்று.

"மிஷினப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்," என்றார் மேடம்.

"தெரியும் மேடம். காலையிலேர்ந்து வாசலயே பாத்துட்டிருக்கேன்." சொல்லிவிட்டு உள் அறைத் திரையை ஒரு தடவை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டாள்.

பார்க்கக் காரணம் இருந்தது. திரைக்குப் பின்னால் இருந்தது செகண்ட் ஹேண்ட் மிஷின். முன்பு அதை வைத்திருந்த அம்மாள், தைத்துக்கொண்டிருந்தபோதே அதன் மேல் தலை சாய்த்துப் போய்ச் சேர்ந்துவிட்டாள். அவளுடைய தம்பிக்காரன் வந்த விலைக்குத் தள்ளிவிட்டான். இங்கே வந்த நாள் முதல், மத்தியானம் ஆனால் மிஷின் தானாக ஓடும். ஆள் இருக்காது, துணி இருக்காது, மிதிபலகை மட்டும் ஏறி இறங்கும். மற்றபடி நல்ல மிஷின், ஒரு குறை சொல்ல முடியாது.

"பேய் மிதிக்கிற மிஷின நம்பி எவன் லோன் குடுப்பான்?" என்று கேட்டுவிட்டுப் புருஷன் வேலைக்குப் போய்விட்டான்.

லோன் கேட்டிருந்தது, பெண்களுக்குத் தொழிலும் சொல்லிக்கொடுத்துக் கடனும் கொடுக்கிற ஒரு ஆபீஸில். பயிற்சி வகுப்பைத் தையல்காரி ஒரு நாள் விடாமல் முடித்திருந்தாள். இனி வீட்டைப் பார்க்க வருகிறவர் தலையை ஆட்டினால்தான் இரண்டாவது மிஷின். அது வராவிட்டால் பள்ளிக்கூடப் பை ஆர்டர் கைவிட்டுப் போகும்; அவள் பழையபடி கண்டவன் கடையில் பட்டன் தைக்கப் போக வேண்டியதுதான்.

ஆகவே விடிந்ததும் முதல் வேலையாக, மிதிபலகையை மிஷின் காலோடு சேர்த்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டிவிட்டாள். கட்டு பலித்துவிட்டது. உச்சி வெயில் சாய்ந்தும் உள்ளே மூச்சுச் சத்தம்கூட இல்லை.

"ஒரு பைக்கு விலை எப்படிப் போடறீங்க?" மேடம் கேட்டார்.

"துணி, ஜிப்பு, நூலு, லைட்டுக்குக் கரண்ட்டு, அதுக்கு மேல கொஞ்சம் லாபம், மேடம்."

"உங்க கூலி?"

தையல்காரி நாக்கைக் கடித்துக்கொண்டாள். வகுப்பில் தொண்டை வற்றச் சொன்ன பாடமே அதுதான். "வீட்ல சும்மா இருக்கற நேரத்துல தைக்கறதுதானே மேடம்…"

"இப்படித்தான் ஒருத்தி இருந்தா. துணிக்குக் கணக்கு வச்சா, நூலுக்குக் கணக்கு வச்சா. தனக்குன்னு ஒண்ணும் வச்சுக்கல. கடைசி வரைக்கும் எல்லாரும் அவகிட்ட சும்மாவே தைச்சு வாங்கிட்டுப் போனாங்க." மேடம் மறுபடி கணுக்காலை நீவினார். "சரி, ரெண்டாவது மிஷினுக்கு ஆள் யாரு?"

இரண்டு மிஷின் என்றால் இரண்டு ஆளைக் கண்ணில் காட்ட வேண்டும் என்பது ஆபீஸ் சட்டம். கூப்பிட்ட ஒவ்வொருத்தியும் இந்த வீட்டு வாசற்படியை மிதிக்க மாட்டேன் என்றுவிட்டாள். காரணத்தை மேடத்திடம் சொல்லவா முடியும்?

"கிடைப்பாங்க மேடம். கூலி குடுத்தா வராமயா போயிடுவாங்க?"

மேடம் நிமிர்ந்து உட்கார்ந்தார். "கூலி குடுப்பீங்களா?"

"சத்தியமா, மேடம். பைக்கு இவ்வளவுன்னு அன்னன்னிக்கே கையில குடுத்துடுவேன்."

"அப்ப கிடைப்பாங்க," என்றார் மேடம்.

எழுந்து, யாரும் வழி காட்டாமலே திரையை விலக்கி உள்ளே போனார். தையல்காரி பின்னாலேயே ஓடினாள்.

"இது என்ன கட்டு?"

"எலித் தொல்லை, மேடம்."

"எலி மிஷின் மிதிக்குமா?"

"எங்க வீட்டு எலி எதுக்கும் துணிஞ்சது, மேடம்."

மேடம் சிரிக்கவில்லை. "இப்படியா இறுக்குவாங்க? அவுத்து விடுங்க."

தையல்காரி குனிந்து அவிழ்த்தாள். கயிறு விழுந்தும் மிதிபலகை அசையவில்லை. தையல்காரிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இன்று ஒரு நாளாவது மானத்தைக் காப்பாற்றினாயே தாயே என்று, பார்த்தறியாத அந்த அம்மாளை மனசுக்குள் கும்பிட்டாள்.

மேடம் 'அப்பாடா' என்று முக்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி மடக்கிக்கொண்டார். பாதி தைத்துக் கிடந்த பையை எடுத்து ஊசிக்கு அடியில் வைத்தார். "நான் கொஞ்சம் ஓட்டறேன். வாசல்ல கதவு தட்டறாங்க, போய்ப் பாருங்க."

தட்டுகிற சத்தம் அதற்கப்புறம்தான் கேட்டது.

தையல்காரி முன்கட்டுக்கு வந்தாள். முதுகுக்குப் பின்னால் மிஷின் ஓட ஆரம்பித்தது. முதலில் ஒரு இழுப்பு, சின்னத் தயக்கம், பிறகு மழை பிடித்துக்கொண்டாற்போல ஒரே ஓட்டம். தினமும் மத்தியானம் கேட்கிற அதே ஓட்டம். தாழ்ப்பாளில் வைத்த கை அங்கேயே நின்றுவிட்டது.

வெளியே இன்னொரு தட்டு. திறந்தாள். ஹெல்மெட்டும் தோள்பையுமாக ஒரு பெண், முழங்கை வரை கிரீஸோடு மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். நின்ற இடத்திலிருந்தே திரைப் பக்கம் காதைக் கொடுத்தாள், முகம் மலர்ந்தது.

"லோன் ஆபீஸ்லேர்ந்து வரேங்க, வழியில வண்டி பஞ்சர்… பரவால்லையே, ரெண்டாவது மிஷினுக்கு ஆள் பிடிச்சிட்டீங்களே!"