டீ கவுன்

மாலைத் தேநீருக்கு, அதுவும் வீட்டுக்குள் மட்டும் உடுத்தும் தொளதொள டீ கவுனை, மேட்டுப் பங்களா துரைசாணி பதினெட்டு நாளாக விடிந்ததிலிருந்தே போட்டுக்கொண்டு திரிகிறாள் என்பது குன்னூரில் எல்லா அடுப்படிக்கும் தெரியும். குழந்தை இறந்தே பிறந்ததும் தெரியும். தெரிந்து என்ன, வாய் சும்மா இருக்குமா? "ஒங்க தொரசாணி இன்னும் எத்தன மாசம் புள்ளத்தாச்சியாவே இருக்கப் போவுது?" என்று பக்கத்துச் சமையல்காரர் லாசரு கேட்டபோது, துரைசாணியின் ஆயா சவரியாயியும் சேர்ந்துதான் சிரித்தாள்.

இன்று கர்னல் வீட்டில் விருந்து. வயிறும் இடுப்பும் ஒடுங்கக் கச்சையை இறுக்கிக் கட்டி, பட்டுக் கவுன் மாட்டி அழைத்து வா, முடியாதென்றால் உனக்கு இங்கே வேலையில்லை என்று துரை ஆயாவிடம் சொல்லிவிட்டார். சவரியாயி பின்னால் நின்று, பலங்கொண்ட மட்டும் கயிற்றை இழுத்தாள். முடிச்சுப் போடும்போது சவரியாயி தற்செயலாகக் கண்ணாடியைப் பார்த்தாள். துரைசாணியின் மார்பில் உள்சட்டை இரண்டு வட்டமாக நனைந்து, பரவிக்கொண்டிருந்தது. குடிக்க ஆளில்லாத பால்.

துரை கைத்தடியால் கதவைத் தட்டினார். "ஆயா, ஆச்சா?"

சவரியாயி போட்ட முடிச்சை அவிழ்த்தாள். கச்சையைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, டீ கவுனை விரித்துப் பிடித்தாள். "கைய நீட்டுங்கம்மா."

மறுபடி தட்டல் கேட்டது.

"அம்மா வரல, தொர" என்று சொல்லிவிட்டு, சவரியாயி தாழ்ப்பாளைப் போட்டாள்.