மேசையோரத்து ராணி

"ஓரமா நிக்கிறவளுக்கும் ஒருநாள்..." என்று பழைய ராஜா ஏதோ சொல்வாரே, அதில் மிச்சம் கூடுதல் ராணிக்கு மறந்துவிட்டது.

சிப்பாய் கடைசிக் கட்டத்தை எட்டினால் வேறு காயாக, பெரும்பாலும் ராணியாக, மாறலாம். அதற்காகவே தேசிய சதுரங்க சாம்பியன்ஷிப்பின் இறுதி ஆட்டத்தில் அந்தக் கூடுதல் வெள்ளை ராணியைப் பலகைக்கு வெளியே வைப்பார்கள். ஆனால் ஒவ்வொரு வருஷமும் சிப்பாய் போய்ச் சேருவதற்குள் எதிராளி தோல்வியை ஒப்புக்கொண்டு கைகொடுத்துவிடுவார்.

வெட்டுப்பட்ட வெள்ளைக் குதிரை அவள் பக்கத்தில் வந்து விழுந்தது. ராணி பழைய கதையை எடுத்தாள்.

"மண்டபம் ஒழுகின வருஷம் நம்ம ராஜா மூலையில மாட்டிக்கிட்டார். அப்புறம் எப்படி ஜெயிச்சோம் தெரியுமா?"

"ஜெயிச்சோமா? நீங்க எந்தக் கட்டத்துல நின்னீங்க அக்கா?"

ராணி பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இந்த முறை எதிராளி விடாமல் ஆடினார். வெள்ளைச் சிப்பாய் கடைசிக் கட்டத்துக்கு முன்னால் நின்று, "அக்கா, வந்துட்டேன்! தயாரா இருங்க!" என்று கத்தியது.

"போய்ட்டு வாங்க. எனக்கு உடம்பெல்லாம் வலி, நான் தூங்கப்போறேன்" என்றது குதிரை.

வெள்ளைக்கு ஆடிய பொன்னரங்கன் சிப்பாயைத் தூக்கினார். அவர் கை ராணிக்கு மேலே வந்து நின்றது. ராணி பலகையைப் பார்த்தாள். தான் போய் நின்றால் கறுப்பு ராஜாவுக்கு நகர இடமே இருக்காது, ஆட்டம் டிராவாகிவிடும் என்பது அவளுக்கும் தெரிந்தது. ஆனாலும் கிரீடத்தை நிமிர்த்திக்கொண்டாள்.

பொன்னரங்கன் குதிரையை எடுத்துக் கடைசிக் கட்டத்தில் வைத்தார்.